கசியாத கூரை

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினேன். ஜார்ஜ் டவுனில் நான் பிறந்து வளர்ந்த வீட்டை இடிக்கிறார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அன்று ராத்திரியே உட்கார்ந்து விடிவதற்குள் எழுதி முடித்தேன். நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது அதுதான். முகம் தெரியாத யாரோ யாருக்கோ அனுப்பி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் ஆபீஸ் வாட்ஸப் குழுவுக்கே வந்தது. ‘கண் கலங்கிவிட்டது’ என்று நாற்பது பேராவது எழுதியிருப்பார்கள். எனக்கும் எழுதும்போது கலங்கியது.

அம்மா அதைப் படிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். போனில் எழுத்தைப் பெரிதாக்கி, விட்டு விட்டுப் படித்தாள். முடித்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “நல்லா எழுதியிருக்கடா. ஆனா இது யார் வீடு?”

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

இப்போது எழுதுவது அந்தக் கட்டுரைமீதான விமர்சனம். ஆசிரியரும் நானே என்பதால் தயவு தாட்சண்யம் தேவையில்லை. ஆனால் அது என் ஒருவனுடைய கட்டுரை மட்டுமல்ல. சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கென்று ஒரு அச்சு இருக்கிறது. நான் அதில் மாவு ஊற்றி எடுத்தேன், அவ்வளவுதான்.

முதலில் வீடு. லிங்கிச் செட்டித் தெருவுக்கும் தம்புச் செட்டித் தெருவுக்கும் நடுவே ஒரு சந்து. தெருப்பக்கம் இரும்புச் சாமான் கடை, அதன் பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற ரேழி, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கீழும் மேலுமாகப் பத்துக் குடித்தனம். எங்களுக்கு மாடியில் ஒன்றரை ரூம். அந்த அரை என்பது, வராந்தாவில் கோணியும் தகரமும் வைத்து அடைத்த அடுப்படி. கீழே ஒரு அடி பம்பு, ஒரு மாநகராட்சிக் குழாய், இரண்டு கக்கூஸ். குழாயில் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் வரும். இருபத்திரண்டு படி. அம்மா ஒரு நாளைக்குப் பத்துக் குடமாவது தூக்கியிருப்பாள்.

என் கட்டுரையில் அந்த முற்றம் எப்படி வந்தது தெரியுமா? ‘வானத்தை வீட்டுக்குள் அழைத்துவந்த சதுரம்’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சதுரத்தில் யார் எந்தக் கொடியில் துணி காயப்போடுவது என்பதற்காக அம்மாவும் கீழ்வீட்டு அக்காவும் ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எழுதும்போது ஞாபகத்துக்கு வரவில்லை. இந்த அச்சின் பலம் அதுதான் என்று நினைக்கிறேன். எது ஞாபகத்துக்கு வர வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது.

ஜார்ஜ் டவுன் பற்றிய கட்டுரை ஒன்றை நீங்கள் படித்திருந்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரிதான். பாரிமுனையில் ஆரம்பிக்கும். 1788இல் கப்பலில் வந்த தாமஸ் பாரி இருப்பார். அப்புறம் ஆர்மீனியன் தெரு. 1772இல் கட்டிய தேவாலயம், அதன் ஆறு மணிகள், உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794இல் இங்கிருந்து நடத்திய பாதிரியாரின் கல்லறை. பிறகு பச்சையப்பன் மண்டபம். ஏதென்ஸ் நகரத்துக் கோயிலைப் பார்த்துக் கட்டி 1850இல் திறந்தது. ‘ஆனால் இன்று’ என்று ஒரு பத்தி வரும். நடைபாதைக் கடைகள் தூண்களை மறைக்கின்றன, ஒயர்கள் தொங்குகின்றன, அரச மரம் முளைத்திருக்கிறது. கடைசியில் ஒரு பெருமூச்சு.

இதில் எதுவும் பொய்யில்லை. எச்.டி. லவ் 1913இல் வெளியிட்ட பெரிய தொகுதிகளும், அவருக்குப் பிறகு எஸ். முத்தையா பல பத்தாண்டுகள் எழுதியவையும் இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு இந்த ஊரின் வருஷங்களே தெரிந்திருக்காது. முத்தையாவைப் படித்துத்தான் நானும் என் தெருவை அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். பிரச்சினை அவர்களிடம் இல்லை. லவ் கையில் இருந்தது கம்பெனியின் ஆவணங்கள். கம்பெனியின் ஆவணத்தில் உள்ளூர்க்காரன் எப்போது வருவான்? வலங்கை இடங்கைச் சண்டை வந்தால் வருவான். சுவர் கட்டக் காசு கேட்டால், தர மாட்டேன் என்று சொல்ல வருவான். வால்டாக்ஸ் ரோட்டின் பெயர் அப்படி வந்ததுதான். வரி வசூலான மாதிரி தெரியவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. காலையில் நாலு மணிக்குத் தண்ணீர் பிடிப்பவர்கள் அந்த ஆவணத்துக்குள் வர வழியே இல்லை.

கம்பெனிக்காரர்கள் எழுதியதால்தான் இப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்னால் சென்னையைப் பற்றி சமஸ்கிருதத்தில் ‘சர்வதேவவிலாசம்’ என்று ஒரு நூல் எழுதப்பட்டது. வே. ராகவன் பதிப்பித்தார். முழுதாகக் கிடைக்காத நூல். இரண்டு நண்பர்கள் ஊரைச் சுற்றி வருகிறார்கள், பேசிக்கொண்டே போகிறார்கள். இப்போது ஆகஸ்ட் மாதம் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நாம் போகிற நடைப்பயணத்துக்கு அதை மூதாதை என்றே சொல்லலாம். அந்த இருவரும் எங்கே போகிறார்கள்? புரவலர்களின் தோட்டங்களுக்கு, சபைகளுக்கு, கோயில்களுக்கு. கொடுப்பவன் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள். ஊர் என்றால் கொடுத்தவர்களின் பட்டியல். நம் கட்டுரைகளில் ‘கட்டியவர்’ என்ற இடத்தில் நாம் பெயர்களைப் போடுவதும் இதே பழக்கம்தான்.

இனி நான் எழுதியதில் இருந்த பெரிய ஓட்டைக்கு வருகிறேன்.

என் கட்டுரையின் நடுவில் ஒரு ஒப்பீடு. ஒரு பக்கம் இடிபடும் எங்கள் வீடு. இன்னொரு பக்கம், ஐந்து நிமிட நடையில், சிவப்புக் கல்லும் கோபுரமுமாக உயர் நீதிமன்றம். ‘1892இல் எழுந்த அந்தக் கட்டடத்தைப் போற்றத் தெரிந்த நமக்கு இதைக் காக்கத் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தேன். ரொம்பப் பேர் மேற்கோள் காட்டிய வரி அது. எழுதியபோது அந்தச் சிவப்புக் கட்டடம் எதன்மேல் நிற்கிறது என்று யோசிக்கவில்லை.

அது நிற்பது ஒரு ஊரின்மேல். கோட்டைக்கு வடக்கே, சுவரை ஒட்டி இருந்ததுதான் முதல் கறுப்பர் நகரம். நெசவு வியாபாரிகளும் துபாஷிகளும் கோயில்களும் அங்கேதான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று வருஷம் வைத்திருந்தபோது, கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். கோட்டை திரும்பக் கிடைத்த பிறகு ஆங்கிலேயர்கள் மிச்சத்தை இடித்தார்கள். வீடுகளுக்குப் பின்னால் எதிரி ஒளிந்துகொண்டு சுடுவான், பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பதுதான் காரணம். 1757இல் சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. பிறகு பூக்கடைப் பக்கம் இரட்டைக் கோயிலாக எழுந்ததை இன்றும் பட்டணம் கோயில் என்கிறார்கள். 1758 கடைசியில் லாலி வந்து முற்றுகை போட்டு, 1759 பிப்ரவரியில் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு இடிப்பு இன்னும் தீவிரமாயிற்று. 1773இல் எல்லைக் கற்கள் நட்டு, இதற்குத் தெற்கே யாரும் கட்டக்கூடாது என்றார்கள். அந்தக் கற்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்னும் இருக்கிறது. துரத்தப்பட்ட ஜனங்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் போய் நெருக்கிக்கொண்டதுதான் புதிய கறுப்பர் நகரம். பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜின் பெயரை வைத்தார்கள்.

ஆக, ஜார்ஜ் டவுன் என்பதே ஒரு இடிப்பின் விளைவு. நூற்றிச் சொச்சம் வருஷம் வெட்டவெளியாகக் கிடந்த அந்த நிலத்தில், பழைய ஊர் இருந்த இடத்தில், நீதிமன்றம் வந்தது. நாம் ‘பாரம்பரியம்’ என்று படம் எடுக்கிற இடம் அதுதான். எல்லைக் கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுகிறோம், காப்பாற்றவும் வேண்டும். ஆனால் அது ‘இங்கே உன் வீடு இருக்கக் கூடாது’ என்று எங்கள் ஊர்க்காரனுக்கு வைத்த நோட்டீஸ் என்பதையும் சேர்த்து எழுதலாம் இல்லையா.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் வீட்டுக்கும் அந்த வளாகத்துக்கும் வேறொரு உறவும் உண்டு. அதை நான் மொத்தமாக மறைத்துவிட்டேன். மறைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்னையில் வாடகை வழக்குகளை விசாரிக்கிற சிறு வழக்குகள் நீதிமன்றம் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அப்பா அங்கே பதினோரு வருஷம் நடந்தார். ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், வாய்தா அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்விட்டு வருவார். முதலில் கன்ட்ரோலர், அப்புறம் அப்பீல், அப்புறம் ஹைகோர்ட்டில் ரிவிஷன். மூன்றும் ஒரே காம்பவுண்டுக்குள் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. “பஸ் செலவு இல்லை பாரு” என்பார்.

வழக்கு, 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14(1)(பி) பிரிவில் போட்டது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட உடனடியாகத் தேவை என்று வீட்டுக்காரர் நிரூபித்தால் அந்தச் சட்டப்படி குடித்தனக்காரர் காலி செய்ய வேண்டியிருந்தது. நிஜமான எண்ணமா, கட்டடத்தின் வயசும் நிலைமையும் என்ன, கட்டுவதற்கு வசதி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் ஒவ்வொரு வழக்கிலும் கட்டடத்தைப் பற்றி இரண்டு தரப்பும் விரிவாக எழுத வேண்டியிருந்தது. அட்வகேட் கமிஷனர் வருவார், கூட ஒரு இன்ஜினியர் வருவார், சுவர் சுவராகப் பார்த்துக் குறிப்பு எடுப்பார்கள்.

அந்தக் கட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பா ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பையில் வைத்திருந்தார். போன வருஷம்தான் கேட்டு வாங்கினேன். ஜார்ஜ் டவுன் கட்டடம் ஒன்றைப் பற்றி நான் படித்ததிலேயே கவனமான எழுத்து அதுதான். எந்தப் பாரம்பரியக் கட்டுரையும் பக்கத்தில் வர முடியாது. கூரை மெட்ராஸ் டெரஸ் என்று வீட்டுக்காரர் தரப்பு இன்ஜினியர் ஒரு வார்த்தையோடு விடவில்லை. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள் எத்தனை, அவற்றில் எத்தனையில் முனை இற்றுப்போயிருக்கிறது என்று எண்ணியிருக்கிறார்.

கொஞ்சம் விளக்குகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். மெட்ராஸ் டெரஸில் கட்டைகளுக்கு மேலே சின்னத் தட்டைச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதற்கு மேலே தட்டோடு. நன்றாகப் போட்டது நூறு வருஷம் தாங்கும். ஆனால் சும்மா தாங்காது. மழைக்கு முன்னால் தட்டோட்டு இடுக்குகளைப் பார்த்துப் பூச வேண்டும், முளைக்கிற அரசங்கன்றைப் பிடுங்க வேண்டும். விட்டால், தண்ணீர் இறங்குகிற இடம் கட்டையின் நடு அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கிற முனை. அங்கே காற்றுப் படாது. வெளியே பார்க்கக் கட்டை ஜம்மென்று இருக்கும், உள்ளே முனை மாவாகியிருக்கும். இதில் சிமென்ட் பூசினால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் பத்துக் குடித்தனமும் தங்கள் தங்கள் தலைக்கு மேலே இருந்த இடத்தில் ஆளுக்கொரு சட்டி சிமென்ட் பூசியவர்கள்.

மனுவில் இருந்த வார்த்தைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையான கட்டடம். காரை பெயர்ந்தது. மரம் முளைத்தது. எந்நேரமும் விழலாம். என் கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘நூற்றாண்டு கண்ட வீடு’, ‘காரை உதிர்ந்த சுவர்கள்’, ‘விரிசலில் வேர்விட்ட அரசு’. அதே பெயரடைகள். வீட்டுக்காரரின் வக்கீல் எந்த வார்த்தைகளை வைத்து எங்களை வெளியேற்றினாரோ, அதே வார்த்தைகளை வைத்து நான் அழுதிருக்கிறேன். இரண்டு எழுத்துக்கும் கட்டடம் பழசாக இருந்தே ஆக வேண்டும். பழசு இல்லையென்றால் அவருக்கு வழக்கு இல்லை, எனக்குக் கட்டுரை இல்லை.

அப்பாவின் எதிருரை ஒன்றுதான் வேறு மாதிரி இருந்தது. கட்டடம் பழசே இல்லை என்கிறது அது. சுவர் உறுதியாக உள்ளது, கட்டைகள் நல்ல நிலையில் உள்ளன, கூரை எந்த இடத்திலும் கசிவதில்லை. கீழே அப்பாவின் கையெழுத்து, அந்த அழகான கணக்குப்பிள்ளைக் கையெழுத்து.

கசிவதில்லை! ஐப்பசி வந்தால் எங்கள் ரூமில் நான்கு இடத்தில் பாத்திரம் வைப்போம். குண்டான், சொம்பு, டால்டா டின், ஒரு பிளாஸ்டிக் வாளி. நான்கும் நான்கு விதமாகச் சத்தம் போடும், நானும் தங்கையும் எது எந்தச் சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டுவோம். கமிஷனர் வருவதற்கு முதல் நாள் அப்பா ஒரு ஆளைக் கூட்டிவந்து உள்பக்கம் முழுக்க வெள்ளையடித்தார். எனக்குப் பத்து வயசு. வீட்டுக்கு ஏதோ விசேஷம் என்று நினைத்தேன்.

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யில் இருக்கிற வீட்டை நான் நம்புகிறேன். எங்களுக்கு அது ஒருநாளும் ‘பழைய கட்டடம்’ கிடையாது. மாசம் 210 ரூபாய் வாடகை, அப்பாவின் கடைக்கு ஏழு நிமிஷம், எங்கள் ஸ்கூலுக்கு நான்கு நிமிஷம். இந்த மூன்று எண்தான் அந்த வீடு. ஆபீஸில் இருபது வருஷத்துப் பழைய கோடு ஒன்றைத் தொட வேண்டி வந்தால் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி, இது அழகா அசிங்கமா என்பதல்ல. இதை நம்பி என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான். சம்பளத்துக்காகத் தினமும் கேட்கிற அந்தக் கேள்வியைச் சொந்த வீட்டைப் பற்றி எழுதும்போது நான் கேட்கவில்லை.

வீட்டுக்காரரை வில்லனாக்குவதும் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. என் கட்டுரையில் ‘பேராசை’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தேன். பத்துக் குடித்தனமும் கடையும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த வாடகையில், அந்தக் கூரையின் ஒரு மூலையைக்கூட முறையாகச் சுண்ணாம்பில் பிரித்துப் போட்டிருக்க முடியாது. நியாய வாடகை கேட்டுத் தனியாக வழக்குப் போடலாம், அது இன்னொரு பத்து வருஷம். அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினையும் ஆகவில்லை. அவர் ரிப்பேர் செய்ய மாட்டார், எங்களால் முறையாகச் செய்ய முடியாது. அதே சமயம், அந்தக் குறைந்த வாடகையும் முடியாத வழக்கும் இல்லாமலிருந்தால் வீடு 1998லேயே போயிருக்கும். அதைக் கொன்றதும் காத்ததும் ஒன்றேதான். ‘காலம் தின்றது’, ‘சிதிலமடைந்தது’ என்று எழுதுகிறோமே, அந்த வினைச்சொற்களுக்குள் இருப்பது இந்தக் கணக்குதான். யாரும் செய்யாமல் தானாக நடந்ததுபோல எழுதிவிட்டால் கணக்கைப் பார்க்கவே வேண்டாம்.

ஆர்மீனியத் தேவாலயம் ஏன் அவ்வளவு அழகாக இருக்கிறது? கல்கத்தாவில் இருக்கிற ஆர்மீனிய சபை பார்த்துக்கொள்கிறது. சுண்ணாம்புக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. உள்ளே யாரும் குடியிருக்கவில்லை, துணிக்கொடிச் சண்டை இல்லை, வழிபட வருகிற ஆர்மீனியர்களும் இல்லை. நேசிப்பதற்கு அதைவிட வசதியான கட்டடம் கிடைக்குமா? தப்பாக நினைக்காதீர்கள், நான் அங்கே போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அங்கே கற்றுக்கொண்ட கண்ணை எடுத்துவந்து குடித்தனக்காரர்கள் இருக்கிற வீட்டைப் பார்த்தால், மனுஷர்கள் ஒயர் மாதிரியும் அரசங்கன்று மாதிரியும் இடைஞ்சலாகத் தெரிவார்கள். பச்சையப்பன் மண்டபத்துத் தூண்களை மறைக்கும் பெட்டிக்கடையும் அப்படித்தான் தெரிகிறது. பச்சையப்ப முதலியார் ஒரு துபாஷி. அந்தத் தெருக்களின் வியாபாரத்தில் சம்பாதித்த காசு அது. தூணுக்கு முன்னால் ஒருத்தன் பனியன் விற்பது அவருக்கு ஒன்றும் அதிர்ச்சியாக இருந்திருக்காது.

சட்டமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் என்று அடிக்கடி காட்டப்படுகிற பட்டியலில் 467 கட்டடங்கள் இருக்கின்றன. நீதிபதி பத்மநாபன் குழு தந்தது. 2010இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வழியாக அது நிலைபெற்றது. அந்தக் குழு அமைந்தது எதைப் பற்றி? விளம்பரப் பலகைகளைப் பற்றி. எந்தக் கட்டடத்தின் முகத்தைப் பலகை மறைக்கக் கூடாது என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். 2012இல் பாரம்பரிய ஆணையத்துக்கென்று தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் நம் பாரம்பரியம் பலகையில் தொடங்கியது என்பதை என்னால் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. முகம் தெரிந்தால் போதும் என்ற இடத்திலிருந்து பேச்சு தொடங்கியது. சந்துக்குள் இருக்கிற வீட்டுக்கு முகம் ஏது? இரும்புக்கடை ஷட்டர்தான் எங்கள் வீட்டின் முகம்.

2009இல் ராஜியானோம். நான் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். ரிவிஷனில் தோற்றுவிடுவோம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஒரு தொகை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தோம், கொளத்தூருக்குப் போனோம். அம்மா முதல் நாள் சமையலறைக் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு அதற்கப்புறமும் பன்னிரண்டு வருஷம் குடோனாக நின்றது. இடித்தபோது நான் போய்ப் பார்த்த அன்று, தேக்குக் கட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய மரம் வாங்குகிறவர் முனையை மட்டும் ஒரு சாண் அறுத்துத் தள்ளிவிட்டு மிச்சத்தை எடுத்தார். மிச்சம் பூராவும் இரும்பு மாதிரி இருந்தது. இப்போது அங்கே நாலு மாடி, ஏசி சாமான்கள் ஹோல்சேல்.

இதையெல்லாம் சேர்த்து அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதலாம் என்று போன மாசம் உட்கார்ந்தேன். ‘பேராசை’யை எடுத்தேன். நிலாவை எடுத்தேன். நீதிமன்ற ஒப்பீட்டை எடுத்தேன். கமிஷனர் ரிப்போர்ட்டில் இருக்கிற வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த ரூமில் யார் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். பத்துக் குடித்தனம், முப்பத்தெட்டுப் பேர். பழைய கட்டுரையிலிருந்து நான் வெட்டாமல் விட்டது ஒரே ஒரு பத்தி. மாடிப்படிக்குக் கீழே அடுப்பு வைத்து இட்லி சுட்டு விற்ற ஆயா. ஸ்கூலுக்குப் போகும்போது கையில் ஒரு இட்லி வைத்து அனுப்புவார். அது உணர்ச்சிவசப்பட்ட பத்திதான், இருந்தாலும் நிஜம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை பொறுமையாகக் கேட்டாள். வரைபடத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“பத்து இல்லடா. பதினொண்ணு.”

வரைபடத்தைக் காட்டினேன். பத்துதான் இருக்கிறது.

“ஆயாவை விட்டுட்டியே.”

“ஆயா குடித்தனமா? கடைதானே வச்சிருந்தாங்க?”

“அங்கதான்டா தூங்கும் அது. படிக்கட்டு இடம் நம்ம பேர்ல இருந்துச்சு. நமக்குத்தான் மாசம் அறுபது ரூபா குடுக்கும்.”

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். டிவியைப் பார்த்தபடி சொன்னார்: “உள்வாடகைன்னு தெரிஞ்சா அதுக்குத் தனியா ஒரு கேஸ் போடுவான். வக்கீல் சொன்னாரு. கமிஷனர் வர்றதுக்கு முன்னாடி காலி பண்ணச் சொல்லிட்டோம்.”

“எங்க போனாங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள். “வெள்ளையடிச்சமே, அன்னிக்கு. அடுப்புக் கரி இருந்த இடத்துல மட்டும் மூணு கை அடிக்க வேண்டியிருந்துச்சு.”